எடை சரி, சரக்கு ஈரம்

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் டாக்டர் சிவப்பிரகாஷுக்கு உன் அப்பா வன்னியபெருமாள் எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் மரியாதை. உன் அம்மா சுகம். தங்கப்பாண்டி மாமாவும் சுகம், அவனுக்கு என்ன கேடு. என் சுகத்தைப் பற்றி எழுதத்தான் இத்தனை தாளும். ஒன்பதாங்கிளாஸில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்த மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவன், இங்கிலாந்தில் நெஞ்சு டாக்டராக இருக்கிற மகனுக்கு நெஞ்சைப் பற்றிப் பாடம் எழுதப் போகிறான். சிரிக்கிறதானால் இப்போதே சிரித்துவிட்டு மேலே படி.

போன் இருக்கும்போது கடிதம் எதுக்கு என்று கேட்பாய். போன் என் கையில் எங்கே இருக்கிறது? உன் அழைப்பு வந்ததும் உன் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டு, சாப்பாட்டு மேஜை நடுவில் சாமி படம் மாதிரி சார்த்தி வைக்கிறாள். எதிரே உன் மாமா. நான் வாயைத் திறந்தால், 'அவன் பேசட்டும், நீங்க சும்மா இருங்க' என்கிறாள். என் மூச்சைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் அதில் எனக்குப் பங்கு கிடையாது. அதனால் இதை டிக்சனிடம் கொடுத்து அனுப்புகிறேன். டயாலிசிஸில் எனக்கு அடுத்த கட்டில் விக்டருடைய மருமகன் அவன். உன் ஊரில்தான் படிக்கிறான், லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறான். உன் அம்மா உனக்கு வத்தல் பொடி கொடுத்துவிடுகிறாள். டப்பாவைக் கட்டினது நான். கடிதம் பொடிக்கு அடியில் இருக்கும். படிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் பாசம் என்று நினைத்து ஏமாந்துவிடாதே, நெடி.

விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது உனக்கு நினைவிருக்கும். காய்ச்சல் போனது, பசி திரும்பி வரவில்லை. இரண்டு இட்லியைப் பார்த்தால் இரண்டு மூட்டையைப் பார்த்த மாதிரி மலைப்பாக இருந்தது. அதோடு இருமல்.

அந்த இருமலை யார் மதித்தார்கள்? நானே மதிக்கவில்லை. வத்தல் மண்டியில் இருமாதவன் யார்? ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் சுமை தூக்குகிறவன், கணக்குப்பிள்ளை, வாசலில் படுத்திருக்கிற நாய் எல்லாம் சேர்ந்து இருமும். நான் தெருமுனையில் வரும்போதே என் இருமலைக் கேட்டுத்தான் உன் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். ஆக இது நெடி இருமல் என்று நானே தீர்ப்புச் சொல்லி, மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியில் உட்கார்ந்தேன். பெரிய நீதிபதி.

உன் மாமா சும்மா இருப்பானா? தூதுவளையைக் கொண்டுவந்து, 'ரசம் வச்சுக் குடியும் அத்தான், சளி கயிறு கயிறா வந்துரும்' என்றான். ஏலே, நான் கிட்னிக்காரன், ஒரு நாளைக்கு மூணு டம்ளர் தண்ணீருக்கே அளவுக்காரன், ரசத்தை எந்தக் கணக்கில் வைக்க என்று கேட்டேன். மூலிகைக்குக் கணக்குக் கிடையாதாம். இவனுடைய வைத்தியத்தில் செத்தவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை, அந்தத் தைரியம் அவனுக்கு.

பிறகு படுக்க முடியாமல் போயிற்று. மல்லாந்தால் நெஞ்சின்மேல் யாரோ மூட்டை அடுக்குகிற மாதிரி இருக்கும். தலையணை ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டாண்டில் கிடக்கிறவன் மாதிரி. உன் மாமா எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனான். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தன் கட்டைவிரலையும் சேர்த்துப் போட்டோ எடுத்து, உனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். நீ நிமோனியா என்றாய், மாத்திரை எழுதினாய். உன்மேல் குறை சொல்லவில்லை. கட்டைவிரல் மறைத்தது போக மீதி தெரிந்ததை நீ பார்த்தாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது உனக்குச் சேர வேண்டிய நியாயம். நெஞ்சில் தண்ணீர் கட்டியிருக்குமோ என்று முதலில் கேட்டவனே நீதான். அப்பா எடை எவ்வளவு என்றாய். உன் அம்மா பரீட்சையில் பாஸான மாதிரி, 'டயாலிசிஸ் முடிஞ்சதும் அறுபத்தொண்ணு, ஒரு புள்ளி கூடல' என்றாள். அப்படியானால் தண்ணீர் இல்லை, சளிதான் என்று சொல்லிவிட்டாய். நானும் ஆமாம் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அறுபத்தொன்றுக்குக் கொண்டுவந்துதானே அனுப்புகிறார்கள்? உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாத எடை அறுபத்தொன்று என்று வருஷக்கணக்காய் எழுதி வைத்திருக்கிறார்கள். தராசு பார்த்தே பிழைத்தவன் நான், தராசைச் சந்தேகப்படுவேனா?

உன் மாத்திரை முடிந்தது, இருமல் முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் போனபோது வாசல்படி ஏறுவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். விக்டர் ஏற்கெனவே ஊசி குத்திப் படுத்திருந்தான். வாழ்நாள் முழுக்கக் கடலில் முங்கிச் சங்கு எடுத்த மனுஷன். கிட்னி போன பிறகும் நாக்கு அவனுக்குப் போகவில்லை. 'என்ன அண்ணாச்சி, பத்துப் பாகம் ஆழத்துல கெடந்தும் எனக்கு மூச்சு முட்டுனதில்ல. நீரு கரையில, ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு முங்குதீரே' என்றான். வார்டே சிரித்தது. கேலிக்குச் சொன்னான், நடந்துகொண்டிருந்ததும் அதுதான்.

அங்கே புதிதாக ஒரு கிட்னி டாக்டர் வந்திருக்கிறாள். ஜெயபிரியா என்று பெயர், ஏரல்காரப் பெண், உன்னைவிட இளையவள். என்னை ஒரு தரம் பார்த்தாள், போய் ஒரு ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உன் அம்மாவுக்குப் பகீரென்றது. 'அது புள்ளத்தாச்சிக்கு வைக்கிறதுல்லா, இவருக்கு எதுக்கு வைக்கீங்க?' என்று கேட்டாள். அத்தோடு போயிருக்கலாம். உன் மாமா என் காதருகில் குனிந்து, ஆனால் வார்டு முழுக்கக் கேட்கும்படி, 'அத்தான், ஆணா பொண்ணான்னு மட்டும் கேட்டுராதீரும், போலீஸ்காரன் உள்ள தூக்கிப் போட்டுருவான்' என்றான். சிரிக்கப் போய் எனக்கு இருமல் வந்து கண் பிதுங்கிவிட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் பசையைத் தடவினாள். ஆறிப்போன கஞ்சி மாதிரி சில்லென்று இருந்தது.

நீ பார்த்துச் சலித்த காட்சிதான், ஆனாலும் நான் பார்த்ததை என் பாஷையில் சொல்லுகிறேன், தப்பிருந்தால் திருத்து. மேலே ஒரு வெள்ளைக் கோடு, மூச்சுக்கு மூச்சு இங்கேயும் அங்கேயும் நகர்கிறது. அதிலிருந்து கீழே நெடுக்காக வெள்ளை வெள்ளையாய் வெளிச்சம் இறங்குகிறது, மார்கழிப் பனியில் துறைமுகம் ரோட்டில் லாரி லைட்டு அடிக்கிற மாதிரி. காய்ந்த நுரையீரலாக இருந்தால் குறுக்குக் கோடு தெரியுமாம், படிக்கட்டு மாதிரி. இப்படி நெடுக்காக விழுந்தால் உள்ளே ஈரமாம். இடது பக்கம் வைத்தாள், வலது பக்கம் வைத்தாள், விலா விலாவாக நகர்த்தினாள். எங்கே வைத்தாலும் லாரி லைட்டு. சளியாக இருந்தால் ஒரு இடத்தில் திட்டாக இருக்கும் ஐயா, இது ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கு, தண்ணி என்றாள்.

உன் அம்மா விடவில்லை. எடை கூடவில்லையே என்றாள். அந்தப் பெண் டயாலிசிஸ் முடியட்டும் என்று போய்விட்டாள். முடிந்து, என்னை எடை மெஷினில் ஏற்றினார்கள். அறுபத்தொன்று. உன் அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். அந்தப் பெண் திரும்ப வந்து, மறுபடியும் பசை, மறுபடியும் ஸ்கேன். வெளிச்சம் குறைந்திருந்தது, போகவில்லை. அப்போது சொன்னாள்: 'காய்ஞ்ச எடை வந்தாச்சுன்னு தராசு சொல்லுது, இன்னும் ஈரம்னு நெஞ்சு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது ஐயா.'

சொல்லிவிட்டு என் வேட்டிக்கு மேலே தெரிந்த அரைஞாண் கயிற்றைப் பார்த்தாள். அதில் புதுசாய் இரண்டு முடிச்சு இருந்தது. யார் போட்டது என்று கேட்டாள். உன் அம்மா, 'நான்தான். நழுவி நழுவி விழுதுன்னு சொன்னாரு, காய்ச்சலுக்குப் பிறகு ரெண்டு தடவ முடிச்சுப் போட்டுக் குறுக்கினேன்' என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே முகம் மாறிவிட்டது.

பிரகாஷ், எனக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. விளங்கினதும் வெட்கமாகப் போய்விட்டது. மண்டிக்கு வருகிற மூட்டையில் என்ன திருட்டு நடக்கும்? நல்ல வத்தலில் கொஞ்சத்தை உருவி எடுத்துவிட்டு, மீதியில் தண்ணீரைத் தெளித்துக் கட்டிவிடுவான். தராசில் வைத்தால் எடை சொன்னபடி நிற்கும். ஈரம் தெரிய வேண்டுமானால் மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட வேண்டும். உள்ளே குளிர்ந்தால் சரக்கு நனைந்தது. நான் எத்தனை பேரை நடுரோட்டில் வைத்து மானத்தை வாங்கியிருக்கிறேன்! விளாத்திகுளத்துக்காரன் ஒருவனை, 'எடை சரிதான், உன் வத்தலைப் பிழிஞ்சு ஒரு குடம் நிரப்பிட்டுப் போ' என்று மூட்டையோடு திருப்பி அனுப்பினேன். அவன் இப்போது என்னைப் பார்க்க வேண்டும். பட்டினியில் என் சதை நாலு கிலோ உருவிக்கொண்டு போயிருக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்து, எடையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. நான் அறுபத்தொன்று என்று மார்தட்டியிருக்கிறேன். ஊரார் மூட்டையில் கைவிட்டவனுக்குத் தன் மூட்டையில் கைவிடத் தெரியவில்லை. தலையில் மூளை இருக்கிற இடத்திலும் தண்ணீர்தான் இருந்திருக்கும், அங்கே ஸ்கேன் வைத்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படி. வலது பக்கம் கீழே ஒரு உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு இருந்தது. டயாலிசிஸுக்கு முன்னாலும் அப்படியே, பின்னாலும் அப்படியே. டாக்டரம்மா அதைக் காட்டி, 'இது தண்ணி இல்ல, நிமோனியா மிச்சம். உங்க மகன் கொடுத்த மாத்திரைக்கு ஆறிக்கிட்டு வருது' என்றாள். ஆக நீயும் பொய்யில்லை. உள்ளங்கை அளவுக்கு நீ சொன்னது, மீதிக்கு அவள் சொன்னது. ஒரே மூட்டையில் இரண்டு சரக்கு.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதுகிற வேலையே இல்லை. ஆனால் உன் அப்பன் இருக்கிறானே, சும்மா இருக்க மாட்டான்.

ஆட்டோவில் வரும்போது உன் அம்மா மூணாம் மைல் தாண்டினதும் கேட்டாள்: 'தண்ணின்னா, எங்கேருந்து வந்துச்சு? பிரகாஷ் சளின்னுல்ல சொன்னான்? அப்ப அத்தன நாள் மாத்திரை குடுத்தது தப்பா?' அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உனக்குத் தெரியாது, இங்கே தெருவில் எவன் தும்மினாலும் உன் அம்மாவிடம்தான் வருவான். 'எம் மவன்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்' என்பாள். ரேஷன் கடை வரிசையில்கூட அவளுக்கு வழி விடுகிறார்கள். அந்த முகம் இறங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், நான் சொன்னேன்: பிரகாஷ் சொன்னது சரிதான், தண்ணீர் பிறகு வந்தது, நான்தான் மண்டிப் பானையில் யாருக்கும் தெரியாமல் மொண்டு மொண்டு குடித்தேன் என்று.

ஒரு சொட்டு அளவுக்கு மேல் குடித்ததில்லை. சத்தியமாகச் சொல்லுகிறேன். நாக்கு வத்தலாய்ச் சுருண்டு கிடந்த நாளிலும் குடித்ததில்லை.

அவள் முகம் உடனே தெளிந்துவிட்டது. மகன் ஜெயித்துவிட்டான், புருஷன் தோற்றுவிட்டான். அவளுக்கு அது பழகின உலகம்.

அன்றிலிருந்து என் பாடு நாய் பாடு. ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு. மண்டியில் இருந்த பானையை உடைத்துவிட்டாள். நான் பல் விளக்கினால் வெளியே நின்று, 'கொப்பளிச்சுத் துப்புற சத்தம் கேக்கணும்' என்கிறாள். துப்புகிறேன், 'இன்னொரு தரம்' என்கிறாள். உன் மாமா ஊரெல்லாம் போய், அத்தான் பதனிக் கலயத்தில் வாய் வைத்து உறிஞ்சினார் என்று கதையைப் பெரிசாக்கிவிட்டான். சொந்தக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், என்னிடம் சுகம் கேட்பதில்லை, உன் அம்மாவிடம், 'இவ்வளவு வயசாகியும் வாயக் கட்டத் தெரியலியே' என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கிறார்கள், என் எதிரிலேயே, ஆவி பறக்க. அத்தனையும் நான் சிரித்துக்கொண்டே தாங்குவேன். வம்பு அதில் இல்லை.

வம்பு இதில்தான். டாக்டரம்மா என்ன சொன்னாள் என்றால், காய்ந்த எடை என்று எழுதியிருக்கிற அறுபத்தொன்றைக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. வாரத்தில் ஒரு நாள் கூட வர வேண்டும், நேரமும் கொஞ்சம் நீட்ட வேண்டும், அப்போதுதான் உடம்பு தாங்கும் என்றாள். உன் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: 'இவரு குடிக்கிறத நிறுத்தினா தண்ணி தானா வத்திரும். இவரு வாய்க்கு இவரு ரத்தத்த ஏன் உறியணும்?' பார்த்தாயா? நான் உனக்காகச் சொன்ன பொய் திரும்பி வந்து என் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குடித்துவிட்டேன் என்றால் அதற்கு மருந்து, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. குடிக்கவில்லை என்றால்தான் அதற்கு மருந்து, எடையைக் குறைப்பது. நான் குடிக்கவில்லை என்று நேற்று உண்மையையே சொல்லிப் பார்த்தேன். 'குடிச்சவன் எவன் குடிச்சேன்னு சொல்லியிருக்கான்' என்று எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு நானேதான் சொன்னேன் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

திங்கட்கிழமை டாக்டரம்மா பேசிப் பேசி, அரைக் கிலோ மட்டும் கூடுதலாக இறக்கிப் பார்த்தாள். கூடுதல் நேரத்துக்கு உன் அம்மா சம்மதிக்கவில்லை, இருந்த நேரத்துக்குள் இறக்கினார்கள். கடைசியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, பிரஷர் இறங்கி எனக்குக் கண் சொருகியது. உன் அம்மா அலறி உனக்கு வீடியோ கால் போட்டாள். நீ பார்த்தது என் சொருகின கண்ணைத்தான். நீ போட்ட சத்தத்தை எனக்கு அந்த மயக்கத்திலும் கேட்க முடிந்தது. யார் அந்த டாக்டர், மெஷின் கையில் கிடைத்தால் எல்லாரும் ஸ்கேன் டாக்டரா, வழக்கமாக எடுக்கிற ரெண்டு லிட்டருக்கு மேல் ஒரு சொட்டு எடுக்க விடாதீர்கள் அம்மா என்றாய். டாக்டரம்மா பக்கத்தில்தான் நின்றாள். என் காலை நீவிக்கொண்டிருந்தாள்.

உன் கோபத்தை நான் இளக்காரம் பண்ணவில்லை. பயத்தில் வந்த கோபம், எனக்குத் தெரியாதா? சின்ன வயசில் நீ ரோச் பூங்கா அருகில் சைக்கிளோடு விழுந்தபோது நான் உன்னைத் தூக்குவதற்கு முன்னால் ரோடு போட்டவனை அரைமணி நேரம் திட்டினேன். அந்த ரத்தம்தானே.

ஆனால் நீ கேட்காத ஒரு விஷயம் இருக்கிறது. அன்றைக்கு அரைக் கிலோ இறங்கின பிறகு, நான் வீட்டுக்கு வந்து சுவரை விட்டுவிட்டு இரண்டு தலையணையில் சாய்ந்து தூங்கினேன். ஒரு தூக்கம். அதை உன் அம்மா பார்த்தாள், மயக்கம் தெளியவில்லை என்று நினைத்துவிட்டாள். புதன் முதல் உன் கட்டளை அமலில் இருக்கிறது. டயாலிசிஸ் கட்டிலுக்கு அருகில் நாற்காலி போட்டு, மெஷினில் ஓடுகிற நம்பரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு லிட்டர் வந்ததும் கையை உயர்த்துகிறாள், ரயிலை நிறுத்துகிறவள் மாதிரி. நான் மறுபடியும் சுவருக்குப் போய்விட்டேன். இந்தக் கடிதத்தில் சில வரி நேராக இருக்கும், சில வரி கோணலாக இருக்கும். கோணல் வரி எல்லாம் இருமலில் எழுதினது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். டாக்டரம்மா நம்பரைக் கடைசித் தாளில் எழுதியிருக்கிறேன். அவளிடம் பேசு. ஸ்கேன் படங்களை அனுப்பச் சொல்லு, அதில் உன் மாமா கட்டைவிரல் இருக்காது. வேண்டுமானால் அவளோடு சண்டை போடு, படித்தவர்கள் பாஷையில் அடித்துக்கொள்ளுங்கள், எனக்குப் புரியாது. முடிந்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டு, 'அப்பா மெலிஞ்சுட்டாங்க, எடையக் குறைக்கணும், நாள் கூட்டி மெதுவா எடுக்கட்டும், நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன்' என்று சொல்லு. ஸ்பீக்கரிலேயே சொல்லு, உன் மாமாவும் கேட்கட்டும். நீ முன்னால் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். வலது பக்கத்து உள்ளங்கைத் திட்டை உன் அம்மாவிடம் ஏற்கெனவே தேங்காய் அளவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நான் குடித்தேன் என்கிற கதையும் அப்படியே இருக்கட்டும். குடிகாரன் பட்டம் எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது, வருகிறவர்கள் யாரும் கடன் கேட்பதில்லை.

என் கையெழுத்தே போதும், வேறு யார் சம்மதமும் வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொல்லுகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் போனுக்குக் காத்திருப்பேன். வராவிட்டால் நானே கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆக, தண்ணீர் எப்படியும் இறங்கும். உன் சொல்லால் இறங்கினால் உன் அம்மா என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருப்பாள். என் கையெழுத்தால் இறங்கினால் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து அழுவாள். அன்றைக்கு மறுபடியும் கண் சொருகி, அது திறக்காமல் போனால், மகன் பேச்சைக் கேட்காமல் போனாரே என்று அவள் ஒரு பக்கம் நினைப்பாள். என் பேச்சால்தானே வைத்தியம் தள்ளிப்போயிற்று என்று நீ ஒரு பக்கம் நினைப்பாய். ஆயுசுக்கும் நினைப்பீர்கள். நான் உங்களுக்கு விட்டுப்போகப் பெரிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. அந்த நினைப்பையாவது விட்டுப்போகாமல் இருக்கலாம் என்று பார்க்கிறேன்.

விக்டர் உன்னை விசாரித்தான். 'அண்ணாச்சி, மேல இருந்து ஒருத்தன் கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிப்பான், கீழ இருக்கிறவன் அந்தக் கயித்த ஒரு சுண்டு சுண்டினா அவன் வேற எதையும் கேக்கக்கூடாது, தூக்கிறணும். நாங்க சங்குக்குப் போறப்ப அப்படித்தான். உம்ம மவன்கிட்ட சொல்லும்' என்றான். சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ கை வைக்கிற நெஞ்செல்லாம் நன்றாக மூச்சு விடட்டும். அதில் ஒன்று என்னுடையதாகவும் இருக்கட்டும்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி,
உன் அப்பா
வன்னியபெருமாள்